லீக் இல்லாத ஊரில் ஒரு சூப்பர் கப்

சூப்பர் கப் என்றதும் பெரிய திருவிழா ஒன்றைக் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு நாட்டில் லீக் நடக்கும், கப் போட்டியும் நடக்கும். போன சீசனில் லீக்கை வென்ற அணியும் கப்பை வென்ற அணியும் புது சீசன் தொடங்கும் நேரம் ஒரே ஒரு தடவை மோதும். அந்த ஒரு மேட்சுக்குத்தான் அந்தப் பேர். இங்கிலாந்து கால்பந்தில் இந்த மாதிரி ஒன்று 1908இல் தொடங்கியது. அங்கே முதல் ஆட்டம் இரண்டு வேறு லீக்குகளின் சாம்பியன்களுக்கு இடையில்தான் நடந்தது. லீக் வென்றவர் எதிர் கப் வென்றவர் என்ற வழக்கம் பிறகு வந்தது. ஜேர்மனியில் ஹேண்ட்போலுக்கு இது 1994இல் இருந்து நடக்கிறது.

ஹேண்ட்போல் என்றே எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். கைப்பந்து என்று எழுதினால் தமிழ்நாட்டு வாசகர்களில் பாதிப் பேர் வொலிபோல் என்று எடுப்பார்கள். எங்கட பக்கம் வொலிபோல் என்றால் கரப்பந்து. அது 1991இல் இருந்து இலங்கையின் தேசிய விளையாட்டு, உடப்பில் பிறந்தவனுக்குத் தனியாகச் சொல்லித் தரத் தேவையில்லை. ஹேண்ட்போல் வேறு. 40 மீற்றர் நீளம், 20 மீற்றர் அகலம் உள்ள உள்ளரங்கு. கோல்கீப்பரோடு சேர்த்து ஒரு பக்கம் 7 பேர். பந்தைக் கையால் எறிந்துதான் கோல் போட வேண்டும். பந்தை வைத்துக்கொண்டு மூன்று அடிக்கு மேல் நடக்க முடியாது, மூன்று செக்கனுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. 30 நிமிடம் இரண்டு பாதி. முடியும்போது ஒரு அணி 30 கோல் போட்டிருப்பது சாதாரண விஷயம்.

சூப்பர் கப்பைப் பற்றி ஸ்போர்ட்ஸ் பார்க்கிறவர்களிடம் கேட்டால், "அது சும்மா வோர்ம் அப் மேட்ச் மச்சான்" என்பார்கள். முக்கால்வாசி உண்மை. சீசனுக்கு முதல் வாற மேட்ச், தோற்றாலும் யாரும் அழப் போவதில்லை. ஆனால் அந்த மேட்ச் நடப்பதற்கு முதல் ஒரு ஊரில் என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்த்தால் அது சும்மா மேட்ச் இல்லை என்று விளங்கும். ஒரு முழு லீக் நடந்து முடிந்திருக்க வேண்டும். ஒரு முழு கப் நடந்து முடிந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் விட, போன சீசனில் வென்ற ஆக்கள் இந்த சீசனிலும் ஊரில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எங்கட கரையில் கஷ்டம்.

லீக்கும் கப்பும் ஒரே திறமையைச் சோதிப்பதில்லை. ஜேர்மன் ஹேண்ட்போல் லீக்கில் 18 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற எல்லாரையும் சொந்த ஊரில் ஒரு தடவை, அவர்கட ஊரில் ஒரு தடவை சந்திக்கும். ஆளுக்கு 34 மேட்ச். ஒரு நாள் தோற்றால் அடுத்த கிழமை சரிசெய்யலாம். கப் அப்படி இல்லை, தோற்றால் வீட்டுக்கு. அங்கே அரையிறுதியையும் இறுதியையும் ஒரே வார இறுதியில், ஒரே அரங்கில் வைத்து முடித்துவிடுவார்கள். நல்ல ஒரு சனி, ஞாயிறு போதும், கப் கையில். அதாவது கப் வெல்ல ஒரு நல்ல நாள் வேண்டும், லீக் வெல்ல ஒரு வருஷம் ஊரில் இருக்க வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு சட்டம் இருக்கிறது. ஒரே அணி லீக்கையும் கப்பையும் சேர்த்து வென்றுவிட்டால்? மேட்சை ரத்துச் செய்வதில்லை. அடுத்து நின்ற இன்னொரு அணியைக் கூப்பிட்டு ஆடுவார்கள். 2004இல் அதுதான் நடந்தது. ஃபிளென்ஸ்பேர்க் அணி லீக், கப் இரண்டையும் எடுத்தது. ஃபிளென்ஸ்பேர்க் டென்மார்க் எல்லையில், பால்டிக் கடல் ஓரத்தில் உள்ள ஊர். ஒரு லட்சத்துக்குள்தான் சனம். ஆனால் அந்த வருஷ சூப்பர் கப்பைக் கொண்டு போனது ஹம்பேர்க். இரண்டில் ஒன்றையும் வெல்லாத அணி, கூப்பிட்டதற்கு வந்து கிண்ணத்தோடு வீட்டுக்குப் போனது.

அதே 2004, அதே ஜேர்மனி, அதே ஹேண்ட்போல். செப்டெம்பர் மாதம். "இலங்கை தேசிய ஹேண்ட்போல் அணி" என்று 23 பேர் பவேரியாவில் விட்டிஸ்லிங்கன் என்ற சின்ன ஊருக்குப் போனார்கள். விளையாட்டுப் பரிமாற்றத் திட்டம் ஒன்றின் மூலம் கிடைத்த அழைப்பு, முறையான விசா. ஆடினார்கள், நன்றாகத் தோற்றார்கள். பிறகு ஒரு நாள் 23 பேரையும் காணவில்லை. உபசரித்த ஆக்களுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் மட்டும் இருந்தது. விசாரித்தபோது இலங்கை அதிகாரிகள், எங்களிடம் அப்படி ஒரு தேசிய அணியே இல்லை என்றார்கள்.

இந்தக் கதையை வைத்து உபேர்ட்டோ பசோலினி 2008இல் எடுத்த படம்தான் 'மச்சான்'. திரைக்கதையில் அவரோடு ருவந்தி டி சிக்கேரா. படத்தை ஹொஸ்டலில் ஒரு லப்டொப்பைச் சுற்றி ஆறு பேர் இருந்து பார்த்தோம். மச்சான் என்ற சொல் சிங்களத்திலும் தமிழிலும் ஒன்றுதான், அதனால் தலைப்புக்கு யாருக்கும் சப்டைட்டில் தேவைப்படவில்லை. பகிடிப் படம். பந்தை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாதவர்கள் தேசிய அணி உடுப்போடு நிற்பதைப் பார்த்து நாங்களும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிக்காமல் இருந்தவன் ஒருத்தன்தான். வென்னப்புவ பக்கத்துச் சிங்களப் பொடியன். அந்தப் பக்கத்தைக் குட்டி இத்தாலி என்று சொல்வார்கள். அவ்வளவு பேர் அங்கே இருந்து இத்தாலிக்குப் போயிருக்கிறார்கள், பல பேர் மீன்பிடிப் படகில். படம் முடிந்த பிறகு அவன் கேட்டது இதுதான்: "சரி, அவங்க திரும்பி வந்திருந்தா அடுத்த மேட்ச் யாரோட ஆடியிருப்பாங்க?"

யாரோடும் இல்லை. லீக் இல்லை, கப் இல்லை, மைதானமும் இல்லை. திரும்பி வரச் சொல்லி அவர்களைக் கேட்பதற்கு இங்கே ஒரு மேட்ச்கூட மிச்சம் இருக்கவில்லை.

எங்கட ஊரிலும் விளையாட்டுக் கழகம் உண்டு. நான் அதன் செயலாளர். கெம்பஸ் போனவன், கையெழுத்து நல்லம் என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி கிடையாது. கழகத்தின் கூட்டக் குறிப்புக் கொப்பியைப் பழைய பக்கங்களில் இருந்து வாசித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். சித்திரைப் புத்தாண்டுச் சுற்றுப்போட்டி. நினைவுக் கிண்ணச் சுற்றுப்போட்டி. இன்னொரு நினைவுக் கிண்ணம். எல்லாம் கப். எல்லாம் ஒரு நாள், இரண்டு நாள். லீக் என்ற சொல் ஒரு பக்கத்திலும் இல்லை.

சோம்பல் காரணமில்லை, காற்றுத்தான் காரணம். புத்தளம் மாவட்டத்தின் கரையில் கடல் நல்லாக இருப்பது ஒக்டோபர் தொடக்கம் ஏப்ரல் மட்டும். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று எழும்பினால் கரைவலை இழுக்க ஏலாது. அப்போது வலையையும் தோணியையும் ஏற்றிக்கொண்டு ஆக்கள் கிழக்குக் கரைக்கு வாடி போட்டுத் தொழில் செய்யப் போவார்கள். ஊரில் பெண்கள், பிள்ளைகள், வயசானவர்கள். அதே காற்றைத் தேடித்தான் அதே மாதங்களில் வெள்ளைக்காரர்கள் கற்பிட்டிக்குக் காற்றாடிப் பலகையில் சறுக்க வருகிறார்கள். எங்களுக்கு ஓஃப் சீசன், அவர்களுக்கு சீசன். இதற்கு மேல் கட்டாருக்கும் சவூதிக்கும் போகிறவர்கள் தனி. ஒரு அணியை முழு வருஷமும் ஒரே ஊரில் வைத்திருப்பது எங்களால் முடியாத காரியம். அதனால்தான் கப். கப்புக்கு அன்றைக்கு ஆள் இருந்தால் போதும்.

புத்தளம் நகரத்தில் கால்பந்து லீக் இருக்கிறது, நல்ல அணிகள் இருக்கின்றன என்று நீங்கள் சொல்லலாம். உண்மை. நகரத்தில் கடை இருக்கிறது, கந்தோர் இருக்கிறது, ஆள் நிற்கிறது. நான் கதைப்பது கடலோடு சேர்ந்து இடம் மாறுகிற ஊர்களைப் பற்றி.

போன வருஷம் கழகக் கூட்டத்தில் நான் பீச் ஹேண்ட்போலைப் பற்றிச் சொன்னேன். உள்ளரங்கு ஆட்டத்தின் மணல் தம்பி அது. 27 மீற்றர் நீளம், 12 மீற்றர் அகலம். கோல்கீப்பரோடு 4 பேர் போதும். 10 நிமிடம் இரண்டு செட். ஒவ்வொரு செட்டுக்கும் தனிக் கணக்கு, முதல் செட்டில் எவ்வளவு அடி வாங்கினாலும் இரண்டாவது செட் பூச்சியத்தில் இருந்து தொடங்கும். காற்றில் முழுச் சுற்றுச் சுற்றி எறிந்து போட்டால் ஒரு கோலுக்கு 2 புள்ளி, கோல்கீப்பர் போட்டாலும் 2. ஆளுக்கு ஒரு செட் என்று முடிந்தால் ஒவ்வொரு வீரராகக் கோல்கீப்பரோடு தனியாக மோத வேண்டும்.

"நாலு பேர்தானா? அப்ப சரி" என்றார் தலைவர். 11 பேர் சேராத ஊரில் 4 பேர் சேரும்.

நாலு அணி பிரித்தோம். வடக்கு, தெற்கு, கோயிலடி, பள்ளிக்கூடத்தடி. எல்லாரும் எல்லாரோடும் இரண்டு தடவை, மொத்தம் 12 மேட்ச். டிசம்பர் முதல் ஞாயிறு தொடங்கி மார்ச்சுக்குள் முடிக்க வேண்டும். பழைய கரைவலைக் கயிற்றை மணலில் புதைத்துக் கோடு போட்டோம். கோலுக்குத் தென்னங்கம்பு, பின்னால் கிழிந்த வலை. வலைக்கு எங்கட ஊரில் என்றைக்குமே பஞ்சம் இல்லை. ஏப்ரலில் புத்தாண்டுக்கு வழக்கம்போல் கப். அதற்குப் பிறகு ஆக்கள் வாடிக்குப் போவார்கள்.

சூப்பர் கப்பை எப்போது வைப்பது? இதில்தான் கூட்டம் இரண்டு மணித்தியாலம் இழுபட்டது. ஏப்ரலோடு வைத்தால் அது இன்னொரு பைனல், அவ்வளவுதான். கடைசியில் வயசான ஒரு சம்மாட்டிதான் வழி சொன்னார். "ஆடித் தீமிதிக்கு வராத உடப்பான் இருக்கானா?" திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்கு எந்த வாடியில் இருந்தாலும் ஆக்கள் வருவார்கள். தீமிதி முடிந்த மறுநாள் பின்னேரம் மேட்ச் என்று கொப்பியில் எழுதினேன். பிறகுதான் கவனித்தேன், ஜேர்மன்காரர்களும் கிட்டத்தட்ட அதே நேரத்தில், ஒரு சீசன் முடிந்து அடுத்தது தொடங்க முதல்தான் இதை ஆடுகிறார்கள். அவர்களுக்குக் கோடை விடுமுறை, எங்களுக்கு ஆடி மாதம்.

லீக் ஒழுங்காக நடந்தது என்று சொன்னால் பொய். இரண்டு ஞாயிறு மழை. ஒரு ஞாயிறு மடி நிறைய மீன் பட்டு எல்லாரும் வலை இழுக்கப் போனதால் மேட்ச் இல்லை. அதை ஒருத்தரும் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஜனவரி நடுப்பகுதியில் ஒரு மாற்றம் தெரிந்தது. தோற்ற அணி சண்டை பிடிப்பதை நிறுத்தியது. கப் மேட்ச் என்றால் ரெஃப்ரியைத் துரத்தாத வருஷம் கிடையாது, ஏனென்றால் அடுத்தது அடுத்த வருஷம்தான். இங்கே அடுத்த ஞாயிறே அதே ஆக்களோடு ஆட வேண்டும், அதே ரெஃப்ரி விசில் ஊதுவார். பகையைச் சேர்த்து வைக்க ஏழு நாள் போதவில்லை.

தெற்கு லீக்கை எடுத்தது. கப்பையும் எடுத்தது. ஃபிளென்ஸ்பேர்க் கதைதான். கப்பில் இரண்டாவதாக வந்த கோயிலடியைக் கூப்பிட்டோம். "தோத்த எங்களை எதுக்குக் கூப்பிடுறீங்க, இன்னொரு தடவை தோக்கவா?" என்று அவர்கட கெப்டன் கேட்டார். ஹம்பேர்க் கதையைச் சொன்னேன். ஒன்றையும் வெல்லாமல் வந்து கிண்ணத்தைத் தூக்கிய அணி என்றதும் முகம் மாறியது.

தீமிதி முடிந்த மறுநாள் காற்று நாய் மாதிரி அடித்தது. சுற்றி எறிந்த பந்து கோலுக்குப் போகாமல் கடலுக்குப் போனது. பார்க்க வந்த சனத்துக்குக் கண் எல்லாம் மணல். அப்படியும் யாரும் எழும்பிப் போகவில்லை. ஆளுக்கு ஒரு செட், தனியாக மோதி முடிக்க வேண்டி வந்தது, தெற்கு ஒரு புள்ளியால் தப்பியது. கடைசி எறியைத் தடுத்தது என் பெரியம்மாவின் மகன். அவரை அண்ணன் என்றே எழுதுகிறேன். வயசு 26. கரைவலை இழுத்த கை, பந்து பட்டால் பந்துக்குத்தான் வலிக்கும். மேட்ச் முடிந்தபோது என் தங்கச்சி வந்து, "எங்களுக்கு எப்ப லீக்?" என்று கேட்டாள். ஒலிம்பிக்கில் ஆண்களின் உள்ளரங்கு ஹேண்ட்போல் 1972இல் வந்தது, பெண்களுடையது 1976இல். நாலு வருஷம் பொறுக்க அவள் தயாரில்லை.

அடுத்த கிழமை அண்ணன் வீட்டுக்கு வந்தார். "தம்பி, கிளப்பால எனக்கு ஒரு கடிதம் தரவேணும்." ஒரு ஏஜென்ட் ஐரோப்பாவில் பீச் விளையாட்டு விழா ஒன்றுக்கு ஆள் கூட்டிப் போகிறாராம். காசு எவ்வளவு என்று சொன்னார், அந்தத் தொகையை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. படிவத்தையும் கொண்டு வந்திருந்தார். எந்தக் கழகம், எந்தப் போட்டிகள், எந்த ஆண்டு. கடைசியில் ஒரு கேள்வி: அடுத்த போட்டி எப்போது?

2004இல் போன 23 பேரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் அவர்களுக்கும் அண்ணனுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. இவர் உண்மையிலேயே கோல்கீப்பர். 12 மேட்ச் லீக்கில் தன் அணிக்கு வந்த ஆறிலும் நின்றவர். கடிதத்தில் பொய் எழுதத் தேவை இருக்கவில்லை.

லீக் வைத்தால் ஆக்கள் போக மாட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 2022 ஆகஸ்டில் பேர்மிங்ஹம் பொதுநலவாய விளையாட்டுக்குப் போன இலங்கைக் குழுவில் பத்துப் பேர் வரை திரும்பி வரவில்லை. அதில் உண்மையான வீரர்கள் இருந்தார்கள், அவர்களுக்குச் சங்கம் இருந்தது, போட்டி இருந்தது. நாட்டில் பெற்றோலுக்கும் காஸுக்கும் நாள் கணக்கில் லைனில் நின்ற வருஷம் அது. அதே வருஷம் இந்த மேற்குக் கரையில் இருந்து அவுஸ்திரேலியாவுக்குப் படகு ஏறப் பார்த்தவர்களைக் கடற்படை பிடித்துக் கொண்டுவந்தது. வயிற்றுக்கு முன்னால் லீக் அட்டவணை நிற்காது. போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லீக்கால் முடிந்தது அதைவிடச் சின்ன விஷயம். போன ஆளுக்கு இங்கே ஒரு இடம் இருக்கும். அண்ணன் வாடிக்குப் போனாலும், கட்டாருக்குப் போனாலும் தெற்கு அணியின் கோல்கீப்பர் அவர்தான். அவர் இல்லாத ஞாயிறுகளில் இன்னொரு பொடியன் நிற்பான். வந்தால் அவர் நிற்பார். சூப்பர் கப்பின் சட்டமும் அதைத்தான் செய்கிறது. ஒரு இடம் காலியானால் அடுத்தவரைக் கூப்பிட்டு மேட்சை நடத்து. ஆள் குறைகிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான சட்டம் எனக்குத் தெரியவில்லை.

கொப்பியைப் பார்த்து கடிதம் எழுதினேன். எத்தனை மேட்ச், எத்தனை கோல் தடுத்தார், எந்தக் கிண்ணம். அண்ணன் ஏஜென்டிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். இது போதாது, தேசிய அணி என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லு என்று அவர் சொல்லியிருக்கிறார். அண்ணன் அதை என்னிடம் சொன்னாரே தவிர, சேர் என்று கேட்கவில்லை. நானும் சேர்க்கவா என்று கேட்கவில்லை. கடிதத்தை மடித்து சேர்ட் பொக்கெட்டில் வைத்துக்கொண்டு கிழக்குக்கு பஸ் ஏறினார். போவதா இல்லையா என்று இன்னும் முடிவு எடுக்கவில்லை என்று பெரியம்மா சொல்கிறார்.

இந்தத் தடவை பெண்களுக்கும் இரண்டு அணி பதிவாகியிருக்கிறது. இன்னும் இரண்டு வேண்டும். சிலாபம், முந்தல், கற்பிட்டிப் பக்கம் இதை வாசிக்கிறவர்கள் இருந்தால் உங்கட ஊரிலும் ஒரு லீக் தொடங்கிப் பாருங்கள். நாலு பேர், ஒரு பந்து, ஒரு பழைய வலை, வாராவாரம் விசில் ஊதப் பொறுமையுள்ள ஒரு ஆள். சாம்பியன் யார் என்று தெரிந்ததும் சொல்லி அனுப்புங்கள், ஆடியில் இங்கே கூப்பிடுகிறோம். டிசம்பர் முதல் ஞாயிறு பின்னேரம் 4 மணிக்கு எங்கட முதல் மேட்ச், தெற்கு எதிர் பள்ளிக்கூடத்தடி. தெற்கின் பெயர்ப் பட்டியலில் கோல்கீப்பர் இடத்தில் அண்ணனின் பேரைத்தான் எழுதியிருக்கிறேன்.